முதலில் கால் தரையில் பதியட்டும்

அட்வென்ச்சர் பைக் வாங்கியவரிடம் யாரும் "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்பதில்லை. "என்னென்ன போட்டிருக்கே?" என்றுதான் கேட்கிறார்கள். மூன்று மாதமாக எனக்கும் இதே கேள்வி. தேக்கா நிலையத்தில் தே தாரிக் வாங்க நிற்கும்போது, அலுவலக மின்தூக்கியில், புளோக்கின் கீழே வண்டியைத் துடைக்கும்போது. "இன்னும் ஒண்ணும் போடல. கொஞ்சம் வெட்டி எடுத்திருக்கேன்" என்பேன். கேட்டவர் முகம் லேசாக வாடிவிடும்.

அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியும். எஞ்சினைச் சுற்றிக் காப்புக் கம்பி, இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, மஞ்சள் விளக்கு, உயரமான முன்கண்ணாடி, ஊரை எழுப்பும் சைலன்சர். வண்டி எடுத்த அன்றே அந்தப் பட்டியலை மேசைமேல் விரித்துவிட்டார்கள். கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. மூடி வைத்துவிட்டேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. பெயரில் இமயமலை இருந்தாலும் பிறந்த ஊர் சென்னைக்குப் பக்கம். அந்த நிறுவனத்தின் ஆலைகள் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நம் வாய்க்குப் பழகிய பெயர்கள் கொண்ட இடங்களில்தான் இருக்கின்றன. 452 சிசி என்பதால் இங்கே ஓட்டுவதற்கு வகுப்பு 2 உரிமம் வேண்டும். 2பி, அதிலிருந்து ஓராண்டு கழித்து 2ஏ, இன்னும் ஓராண்டு கழித்து வகுப்பு 2 என்று பொறுமையாக ஏறி வந்தால்தான் கிடைக்கும். மோட்டார்சைக்கிளுக்கான சிஓஇ 2022இல் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆக, இந்த வண்டியும் நானும் பத்து வருடம் சேர்ந்து குடும்பம் நடத்தப்போகிறோம். யாராவது ஒருவர் மற்றவருக்கு ஏற்ப மாறித்தான் ஆகவேண்டும்.

என் உயரம் 158 சென்டிமீட்டர். வண்டியின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். வேண்டுமானால் 845க்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று வசதி வேறு செய்து கொடுத்திருக்கிறார்கள்! முதல் நாள் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. அப்பா சுற்றி வந்து பார்த்தார். முப்பது வருடம் கப்சாய் ஓட்டிக் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். "ஏம்மா, கால் எட்டாத வண்டி உனக்கு எதுக்கு? என்னை இதுல ஏத்தாதே" என்றார்.

பிரச்சினை அங்கேதான். அவரை ஏற்றிக்கொண்டு பத்துமலை போய் வரவேண்டும் என்பதற்காகவும்தான் இந்த வண்டியை வாங்கினேன். உட்லண்ட்ஸைத் தாண்டிச் சுமார் 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும்போது கால் எட்டுவதும் எட்டாததும் ஒன்றுதான். நிற்கும்போதுதான் வித்தியாசம். சிங்கப்பூரில் அட்வென்ச்சர் என்பது பெரும்பாலும் நிற்பதும் நகர்வதும்தான். இங்கே மலை இல்லை, பாலைவனம் இல்லை. பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் வளைந்த சரிவில் எதிரே ஒரு வேன் வந்து நிற்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் மோட்டார்சைக்கிள் தடத்தில், வெள்ளிக்கிழமை மாலை, முன்னால் இருப்பவரின் பின்விளக்கைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அடி அடியாக நகர வேண்டும். 196 கிலோ வண்டி, பின்னால் 70 கிலோ அப்பா. நேராக நிற்கும்வரை சுண்டுவிரலால்கூடப் பிடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் பயில்வானாலும் நிமிர்த்த முடியாது.

உயரம் குறைந்தவர்களுக்குப் பெரிய வண்டி சரிவராது என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் காஸ்டன் ரஹியே. பெல்ஜியக்காரர், மிகவும் குள்ளம். 1984, 1985 இரண்டு ஆண்டுகளிலும் பாரிஸ்-டாக்கார் பந்தயத்தை பிஎம்டபிள்யூவின் ராட்சத வண்டியில் வென்றார். அதன் எஞ்சின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒரு காலை ஊன்றி, ஓடும் குதிரையில் தாவுவதுபோல் ஏறிக் கிளம்புவாராம். சகாரா மணலில் அது நடக்கும். உட்லண்ட்ஸ் தடத்தில் தாவினால் பக்கத்து வண்டிக்காரர் மடியில்தான் விழவேண்டும். ஆனால் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இரண்டு காலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டிய அவசியமில்லை. நிற்கப்போகும் நேரத்தில் இடுப்பை இடப்பக்கம் சற்று நகர்த்தி, இடது பாதத்தை முழுமையாகப் பதித்து, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டால் வண்டி சரிவிலும் அசையாது. வண்டியில் எதையும் மாற்றாமல் கிடைத்த முதல் முன்னேற்றம் இது. செலவு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

அடுத்ததுதான் நான் சொன்ன அந்த வெட்டி எடுத்த கதை. சீட் உயரம் என்று அட்டையில் போடும் எண் பாதி உண்மைதான். அகலம் மீதிப் பாதி. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் பக்கவாட்டில் வளைந்து இறங்கும். அதிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் போய்விடும். 805 மில்லிமீட்டர் தாழ்வு சீட்டை நிறுவனமே தனியாக விற்கிறது. நான் இருக்கிற சீட்டையே உபியில் மெத்தை தைக்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அங்கிள் என்னை வண்டியில் உட்கார வைத்து, சாக்பீஸால் என் தொடை உரசும் இடத்தைக் கோடு போட்டார். முன்பகுதியின் இரு ஓரத்தையும் சீவினார். நடுவில் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அழுத்தமான நுரையை ஒட்டினார். மெத்தையைச் சும்மா குறைத்தால் அரை மணி நேரத்தில் இடுப்பெலும்பு பேசும். குறைக்கும் இடத்தில் நுரை கெட்டியாக வேண்டும். மேலுறைத் தையலின் உள்பக்கம் நீர்புகாத பட்டை ஒட்டச் சொன்னேன். நம்மூர் மழைக்கு அது இல்லாவிட்டால் சீட் பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெயிலடிக்கும் நாளில் நம் மேல் துப்பும்.

உடனே யாராவது, "லோவரிங் லிங்க் போட்டா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிருமே" என்பார்கள். பின் சஸ்பென்ஷனை இணைக்கும் துண்டுகளை நீளம் மாறியதாகப் போட்டு வண்டியின் பின்புறத்தையே இறக்குவது அது. நான் போடவில்லை. பின்புறம் மட்டும் இறங்கினால் முன்புறம் தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் மந்தமாகும். அதைச் சரிசெய்ய முன் ஃபோர்க்கையும் ஏற்றி இறக்க வேண்டும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிப் போய் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் விழும். பிறகு ஸ்டாண்டையும் வெட்டி ஒட்டவேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொடவேண்டிய வேலை. வேறு வழியே இல்லாதவர்கள் செய்யலாம், தெரிந்த மெக்கானிக் கையால்.

ஸ்பிரிங்கை நம் எடைக்கு ஏற்ப வைப்பது வேறு கதை. அதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. இந்த வண்டியின் பின்சக்கரம் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும். தம்பி வண்டியைத் தூக்கிப் பிடிக்க, அப்பா தையல் நாடாவால் அளந்தார். சக்கரம் தொங்கும்போது ஓர் அளவு, ஹெல்மெட் பூட்ஸோடு நான் உட்கார்ந்ததும் இன்னோர் அளவு. வித்தியாசம் 45தான். என் எடைக்கு ஸ்பிரிங் இறுக்கம். வளையத்தைத் தளர்த்தியதும் 60ஐ நெருங்கியது. வேகத்தடையில் தூக்கிப்போடுவது நின்றது. கால்களுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் இலவசமாகக் கிடைத்தது. அப்பா ஏறும் நாளில் திரும்ப இறுக்க வேண்டும். மறந்தால் பின்புறம் அமுங்கி முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பிரேக் பிடித்தால் வண்டி ஊஞ்சலாடும்.

கைகளுக்கு வருவோம். ஹேண்டில்பார் என்பது பற்றவைத்த இரும்பு அல்ல. நான்கு திருகாணியைத் தளர்த்தினால் சுழலும். நம் பக்கம் கொஞ்சம் சுழற்றியதும் தோள்பட்டை இறுக்கம் குறைந்தது. கிளட்ச், பிரேக் லீவர்களை, முன்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்கோடாக வரும்படி இறக்கினேன். கியர் லீவரைப் பூட்ஸின் தடிமனுக்கு ஏற்ப ஒரு பல் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் ஓர் அலன் கீ செட் போதும். முடித்ததும் ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரில் இஆர்பி கருவியும் குடியிருப்பதை மறக்கக்கூடாது. அதை அங்கீகாரம் பெற்ற பட்டறைதான் தொடலாம். எனவே கைப்பிடிக் கோணம், கண்ணாடி எல்லாவற்றையும் மனத்தில் முடிவுசெய்துவிட்டு அதன் இடத்தைச் சொல்வது நல்லது. கைப்பேசியை அங்கே மாட்டுவோருக்கு ஒரு தகவல். எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிப்பான் வாங்குங்கள்.

பெட்டிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எல்ஸ்பெத் பியர்டு நினைவுக்கு வருவார். 1982இல், 23 வயதில், பழைய பிஎம்டபிள்யூ ஒன்றில் லண்டனிலிருந்து தனியாக உலகம் சுற்றக் கிளம்பிய கட்டடக்கலை மாணவி. கிளம்பும்போது அலுமினியப் பெட்டி எதுவும் இல்லை. சிட்னியில் சில மாதம் வேலை பார்த்தபோதுதான், அதுவரை ஓட்டிய அனுபவத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, அலுமினியத் தகட்டை மடித்துத் தானே பெட்டி செய்துகொண்டார். நம் சிங்கப்பூருக்கும் வந்தார். கடப்பிதழும் ஆவணங்களும் இங்கே திருடுபோய், ஆறு வாரம் தங்கி எல்லாவற்றையும் புதிதாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறகு பினாங்கிலிருந்து வண்டியைக் கப்பலேற்றி மதராஸில் இறக்கினார். சாலையில் இறங்கிய பிறகு, சாலை கேட்ட பெட்டி அது. நாம் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பெட்டி மாட்டிக்கொள்கிறோம்.

என்னைப்போல் காலால் தள்ளி நகர்பவர்களுக்குப் பக்கவாட்டு அலுமினியப் பெட்டியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தரையில் ஊன்றிய கால் பின்னால் போகும்போது பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலில் வந்து இடிக்கும். வண்டி சாய்ந்தால் கணுக்கால் அதனடியில் மாட்டும். வண்டியின் அகலமும் கூடும், சோதனைச்சாவடித் தடத்தில் அது யாருக்கும் பிடிக்காது. அதனால் எனக்குத் துணிப்பைதான், அதுவும் பயணத்தன்று மட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர முன்கண்ணாடி குளிர்நாட்டுக்காரர்களுக்கு வரம். நமக்கு அது காற்றை மறித்து வேகவைக்கும். சூடேறும் கைப்பிடி பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. விழுந்தால் லீவரைக் காக்கும் கைக்காப்பு நல்லது. முரட்டு வரி டயர் வேண்டாம். மழையில் நனைந்த வெள்ளைக் கோடும், சாலைப் பணி நடக்கும் இடங்களில் பதித்த இரும்புத் தகடும்தான் நாம் தினமும் தாண்டும் 'கரடுமுரடு'. எதை மாட்டுவதானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெறவேண்டியவை, கூடவே கூடாதவை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் ஆனதும் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வண்டியைக் காட்டவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு சிராங்கூன் சாலை போய் வந்தேன். சிவப்பு விளக்குகளில் என் இடது காலை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ரேஸ் கோர்ஸ் சாலை திரும்பும்போதுதான் பார்ப்பதை நிறுத்தினார். இறங்கியதும் அவருடைய கோரிக்கை வந்தது. "முதுகுக்கு ஒரு சாய்மானம் வேணும்மா. பத்துமலை தூரம்."

சாய்மானம் வேண்டுமென்றால் பின்பெட்டி வேண்டும். பின்பெட்டி வந்துவிட்டால் அவர் வழக்கம்போல் காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. எனக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள சந்தில் முழங்காலை மடக்கி நுழைக்கவேண்டும், அவருக்கு வலது மூட்டு மடங்காது. நடைபாதை விளிம்பை ஒட்டி வண்டியை நிறுத்தி, அந்த உயரத்திலிருந்து ஏறிப் பார்க்கலாம் என்கிறார். கடையில் ஒரு பெட்டியை இரண்டு நாள் இரவல் கேட்டிருக்கிறேன். வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் மூட்டு சொல்லட்டும்.