புண்பட்ட கோழியும் நேர்ச்சையும்

கன்னியாகுமரி ஜில்லா எழுத்தறிவில் தமிழ் நாட்டிலேயே முதல் ஸ்தானம் வகிப்பதாகும். 2011ம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பில் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100க்கு 91.75 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று கணக்காயிற்று. இவ்வளவு படித்த ஜில்லாவில், ஒரு கோழியை நாய் கவ்விக்கொண்டு ஓட, வீட்டார் துரத்திச் சென்று மீட்டுக் கொண்டுவந்தால், அந்தக் காயத்தின் மேல் முதலில் விழுவது என்ன தெரியுமா? இன்னும் பல வீடுகளில் அடுப்புச் சாம்பல்தான். சில வீடுகளில் சாணி. அதன்மேல் ஓதிக்கொடுத்த திருநீறு. கடைசியாக, "இசக்கியம்மா! இந்தக் கோழி பிழைத்தால் வருகிற கொடைக்கு உனக்கே அறுக்கிறேன்" என்று ஒரு நேர்ச்சை!

தோழர்களே! பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது, பிழைத்த பிறகு கழுத்தை அறுப்பதற்காக! அக்கோழிக்குப் பேச வாய் இருந்தால், "உங்களைவிட அந்த நாயே யோக்கியமானது, அது நேர்ச்சை பேசவில்லை" என்று சொல்லாதா?

கோழிச் சங்கதிக்கு இவ்வளவு காகிதமா என்று சிலர் சிரிக்கலாம். நாஞ்சில் நாட்டில் பல குடும்பங்களில் வயல் புருஷன் பேரில் இருக்கும். வீடு மாமனார் பேரில் இருக்கும். நகை அடகுக் கடையில் இருக்கும். முட்டை விற்ற காசு ஒன்றுதான், ஒருவரிடமும் கை நீட்டாமல் பெண்பிள்ளை தானே எடுத்துச் செலவழிக்கக் கூடியது. ஆகவே ஒரு முட்டைக் கோழி சீழ் பிடித்துச் செத்தால் அவளுடைய சொத்து செத்தது என்று அர்த்தம். அதை "விதி முடிந்தது" என்று சொல்லிக் குழி தோண்டிவிடுகிறார்கள். விதி முடியவில்லை ஐயா. நீங்கள் வைத்த சாணி அதை முடித்து வைத்தது.

புண் அழுகுவது கண்ணேறினாலும் அல்ல, அம்மன் கோபத்தினாலும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் புண்ணில் புகுந்து பெருகுவதால் அழுகுகிறது. கை கழுவாத வைத்தியன் கையாலேயே பிரசவித்த தாய்மார்கள் சாகிறார்கள் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847ல் காட்டினார். புண்ணில் கிருமியைக் கொல்லும் மருந்தை வைத்து அழுகலைத் தடுக்கலாம் என்று லிஸ்டர் 1867ல் எழுதினார். பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1880ல் காலராக் கிருமியை வலுக்குறைத்து, பிராணிகளுக்கு நோய்த் தடுப்பு ஏற்படுத்திக் காட்டினாரே, அது எந்தப் பிராணிக்கு? இதே கோழிக்குத்தான்! அந்தக் கோழிக் காலராக் கிருமியின் ஜாதிதான் நாய், பூனைகளின் வாயிலும் குடியிருக்கிறது. ஆதலால் நாய்ப் பல் பட்ட காயம் வெளியே ஊசித் துவாரம் போல் சிறிதாய்த் தெரிந்தாலும், உள்ளே விதைத்துவிட்டுப் போவது பெரிது. இந்த ஜில்லாவிலேயே நெய்யூரில் 1838ல் மிஷன் வைத்தியசாலை ஆரம்பமாயிற்று. இத்தனை காலம் ஆஸ்பத்திரியைப் பார்த்த ஊரில், மனுஷனுக்குச் சுத்தம், கோழிக்குச் சாணியா?

நிற்க. செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கோழியை ஒரு கடவத்திலோ காற்றுப் புகும் பெட்டியிலோ இருட்டாக, கதகதப்பாக, தனியே வையுங்கள். பயத்தின் அதிர்ச்சியாலேயே கோழி சாவதுண்டு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்க்கிற திருவிழா அதற்கு வேண்டாம். மற்றக் கோழிகளோடு விட்டால், சிவப்பைக் கண்டு அவையே கொத்திக் குதறிவிடும். தொட்டால் சுடுகிறது, காய்ச்சல் என்று பயப்படாதீர்கள். கோழியின் உடல் சூடே சுமார் 41 டிகிரி.

பிறகு, காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அழுக்குப் போகும் வரை கழுவுங்கள். அயோடின் மருந்தை இலேசான தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வரும்படி தண்ணீர் கலந்து தடவுங்கள். தினம் இரண்டு வேளை பாருங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். புழுவைச் சாமணத்தால் எடுக்க வேண்டுமே ஒழிய, மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது, பூச்சி உருண்டையைப் பொடித்துப் போடவும் கூடாது. அவை கோழிக்கே விஷம். கோழியின் உடலுக்குள் காற்றுப் பைகள் உண்டு. ஆழமான துவாரத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் அவற்றில் புகுந்துவிடலாம். ஆழமான காயம், நாய் பூனைக் கடி, எலும்பு முறிவு, துர்நாற்றம் இவையெல்லாம் கால்நடை டாக்டர் பார்க்க வேண்டியவை.

"எங்கள் பாட்டி சாம்பல் வைத்துத்தானே பிழைக்க வைத்தாள்?" என்று கேட்பார்கள். பாட்டியின் மேல் நமக்கு விரோதமில்லை. ஆனால் பிழைத்த கோழியைக் கணக்கில் வைத்த பாட்டி, செத்த கோழிகளைக் கணக்கு வைத்தாளா? அநேக காயங்கள் தாமாகவே ஆறும். அந்தப் புகழைச் சாம்பல் தட்டிக்கொண்டு போயிற்று. மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பது மெய்யே. ஆனால் கழுவாத புண்ணில் அடுக்களை மஞ்சள்பொடியை அப்பினால், மேலே பொருக்குக் கட்டும், உள்ளே சீழ் வளரும்.

படித்தவர்களிடமும் ஒரு புது மூடநம்பிக்கை புகுந்திருக்கிறது. மருந்துக் கடையில் மனுஷனுக்கு விற்கும் மாத்திரையைப் பாதியாய் உடைத்துக் கோழி வாயில் திணித்து, இரண்டு நாளில் நிறுத்திவிடுவது. இதற்கும் திருநீற்றுக்கும் என்ன வித்தியாசம்? பென்சிலின் கண்ட பிளெமிங்கே 1945ல் நோபல் பரிசுப் பிரசங்கத்தில், குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, அதைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். அதுவரை, அவர் சொல்லும் நாள் வரைக்கும், முட்டையைத் தின்னவும் விற்கவும் வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சலுக்குச் சர்க்காரே கிராமங்களில் இலவசமாகத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அங்கே கோழியைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல். நேர்ச்சைக் கோழியைத் தூக்கிக்கொண்டு முப்பந்தலுக்குப் போக மட்டும் பஸ் சத்தமும் உண்டு, ஒரு நாள் கூலியை விடவும் மனம் உண்டு!

உப்புத் தண்ணீரால் கழுவி, பத்து நாள் காவல் இருந்து, ஒரு பெண்பிள்ளை தன் கோழியைப் பிழைக்க வைத்த பிறகு, "அம்மனுக்குச் சொன்ன கோழி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசலில் வந்து நின்றால், புண்ணில் புழு எடுத்த அன்று நீங்களும் உங்கள் அம்மனும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டு அனுப்பட்டும்.