யூதர்களுக்கு யூத வேதத்தைக் கற்பிப்பவர்கள்

இயேசுவே மேசியா என்று யூதர்களிடம் எடுத்துரைக்க விரும்பும் கிறிஸ்தவ ஊழியர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். ஏசாயா 7, மீகா 5, சங்கீதம் 22, தானியேல் 9, இறுதியில் ஏசாயா 53. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஓரிரு வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய ஏற்பாட்டில் ஒரு நிறைவேற்றம். உன் வேதத்தைக் கொண்டே உனக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்பதே இம்முறையின் சாரம். இம்முறை தவறு என்பது என் தரப்பு. இயேசு மேசியாவா இல்லையா என்பதைப் பற்றி நான் இங்கே வாதிடப் போவதில்லை. ஒரு வாசிப்புமுறை என்ற அளவிலேயே இது பிழையானது. அந்தப் பிழைக்கு நீண்டதொரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஏசாயா 7 ஐ எடுத்துக்கொள்வோம். காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு. சீரியாவின் அரசனும் வட இஸ்ரவேலின் அரசனும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மீது படையெடுக்கிறார்கள். யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்கிப்போயிருக்கிறான். அவனுக்குத் தீர்க்கதரிசி ஓர் அடையாளம் சொல்கிறார்: ஒரு பெண் மகனைப் பெறுவாள், அவன் நன்மை தீமை அறியும் வயதை எட்டுமுன்னரே அவ்விரு அரசர்களின் நாடும் பாழாகும். ஏழு நூற்றாண்டுகள் கழித்துப் பிறக்கவிருக்கும் குழந்தை அன்றைய போருக்கு எப்படி அடையாளமாகும் என்று யூத வாசகர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அங்குள்ள எபிரேயச் சொல் 'அல்மா'. இளம்பெண் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முன்னரே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி, என்று ஆக்கியது. கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு அச்சொல்லையே எடுத்தாண்டார். பரவலாக வழங்கும் தமிழ் வேதாகமத்தின் 'கன்னிகை'யும் அம்மரபின் வாரிசே. 1952 இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பொன்று 'இளம்பெண்' என்று அச்சிட்டபோது, அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிட்டுக் கொளுத்தினார். ஒரு சொல்லின்மீது எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏசாயா 53 இன் துன்புறும் ஊழியனுக்கு வருவோம். அவனை இஸ்ரவேல் மக்களின் உருவகமாகக் காண்பது பதினோராம் நூற்றாண்டில் ரபி ராஷி கிறிஸ்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காகக் கண்டுபிடித்த தந்திரம் என்று சொல்லப்படுவதுண்டு. இது உண்மையல்ல. தன் காலத்து யூதர்கள் அப்பகுதியைச் சிதறுண்ட தங்கள் மக்களைப் பற்றியதாகவே வாசித்தார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ஒரிகன், ஒரு கிறிஸ்தவ அறிஞர். ஏசாயா நூலே முந்தைய அதிகாரங்களில் இஸ்ரவேலைப் பெயர் சொல்லி 'ஊழியன்' என்று அழைக்கிறது. அதேவேளை, தர்கூம் எனப்படும் பழைய அரமேயிக் மொழிபெயர்ப்பு அவ்வூழியனை மேசியா என்கிறது. ஆனால் துன்பங்களை அவர்மீது சுமத்தாமல் பிறர்மீது மாற்றிவிடுகிறது. ஆக, யூத மரபுக்குள்ளேயே இப்பகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் உண்டு. எல்லாத் தரமான இலக்கியப் பிரதிகளுக்கும் நேர்வது இது. பல குரல்களில் பேசும் பிரதியை ஒற்றைப் பதிலுக்கான வினாத்தாளாகச் சுருக்குவதுதான் வன்முறை.

நிரூபணவாதிகளுக்கு நான் சொல்லும் முதன்மையான மறுப்பு அவர்களுடைய நூலிலேயே இருக்கிறது. லூக்கா 24 இல் எம்மாவூருக்கு நடந்து செல்லும் சீடர்கள் வேதத்தை அறிந்தவர்கள், இயேசுவோடு பழகியவர்கள். ஆயினும் வேதத்தில் அவரை அவர்கள் காணவில்லை. உயிர்த்தெழுந்தவர் கூடவே நடந்து விளக்கவேண்டியிருந்தது. அப்போஸ்தலர் 8 இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயா 53 ஐத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். தீர்க்கதரிசி தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் கேட்கிறார். அது தெளிந்த வாசகரின் கேள்வி. முதல் கிறிஸ்தவர்கள் இயேசுவை நம்பிய பின்னர், அந்த நம்பிக்கையின் வெளிச்சத்தில் பழைய வரிகளுக்குள் அவரைக் கண்டடைந்தார்கள். கும்ரான் குகைகளில் கிடைத்த ஆபகூக் உரையும் தன் காலத்து நிகழ்வுகளைப் பழைய தீர்க்கதரிசனத்துக்குள் இவ்வாறே கண்டெடுக்கிறது. இது அக்காலத்து யூதர்களுக்குப் பழக்கமான வாசிப்பு. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. நம்பிக்கையிலிருந்து பிரதிக்குச் சென்ற அந்தப் பயணத்தைத் திருப்பிப்போட்டு, பிரதியிலிருந்து நம்பிக்கைக்குச் செல்லும் தர்க்கமாக விற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

ஏனெனில் நிரூபணம் என்று சொன்னவுடனேயே ஏற்காதவன் நிலை மாறிவிடுகிறது. சாட்சியத்தை ஏற்காதவன் வேறு கருத்துள்ளவன். நிரூபணத்தை ஏற்காதவனோ குருடன், அல்லது அயோக்கியன். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதிய திரிபோ என்ற யூதருடனான உரையாடலிலேயே இதைப் பார்க்கலாம். 'அல்மா' என்ற சொல்லைப் பற்றித் திரிபோ ஆட்சேபிக்கிறார். ஜஸ்டினோ, யூத ஆசிரியர்கள் வேதத்திலிருந்து சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிறார். ஸ்ட்ராஸ்பர்க் பேராலய வாயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இரண்டு நின்றன. இன்று அங்கிருப்பவை அவற்றின் நகல்கள். ஒன்று முடிசூடிய திருச்சபை. மற்றொன்று கண்கள் கட்டப்பட்டு, ஒடிந்த ஈட்டியுடன் தலைகுனிந்து நிற்கும் யூத ஜெபாலயம். நிரூபணவாதத்தின் தர்க்கம் கல்லில் செதுக்கப்பட்டால் இப்படித்தான் இருக்கும். மார்ட்டின் லூதர் 1523 இல் எழுதிய நூலில் யூதர்களைக் கனிவோடு நடத்தி, வேதத்திலிருந்து போதித்தால் அவர்களில் பலர் மனம் திரும்புவர் என்று நம்பினார். அவர்கள் திரும்பவில்லை. 1543 இல் எழுதிய நூலில் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொன்னார். இவ்விரு நூல்களுக்கும் இடையில் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதல் நூலின் எதிர்பார்ப்புக்குள்ளேயே இரண்டாம் நூலின் கோபத்துக்கு விதை இருந்தது.

இந்த வாதத்துக்குப் பதிலளித்த யூதர்களில் தலையாயவர் மோசே பென் நாக்மன். 1263 இல் பார்சலோனாவில், மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவராக மாறிய பாப்லோ கிறிஸ்தியானியோடு வாதிட்டார். மேசியாவின் காலத்தில் போர் ஒழியும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்களே, இயேசுவின் காலந்தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்று கேட்டார். போரை மறந்துவிட்டால் மன்னரும் அவருடைய வீரர்களும் என்ன பாடுபடுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு வசனத்தை ஒரு வசனத்தால் மறுக்காமல், வேதத்தின் முழு எதிர்பார்ப்பையும் முன்வைத்த பதில் அது. அதே ஆண்டில் பாப்லோவின் பிரசங்கங்களைக் கேட்கும்படி யூதர்களுக்கு அரசாணை பிறந்தது. நாக்மனோ தன் வாதங்களை நூலாக்கியதற்காக நெருக்கப்பட்டு, 1267 இல் எருசலேம் சென்று சேர்ந்தார். பின்னர் ரோமாபுரியிலும் கட்டாயப் பிரசங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தன. அங்கே யூதச் சேரியின் வாயிலுக்கு எதிரே நின்ற ஆலயத்தின் முகப்பில் ஏசாயா 65 இன் வசனமொன்று எபிரேயத்திலும் லத்தீனிலும் இன்றும் இருக்கிறது: முரட்டாட்டம் செய்யும் மக்களை நோக்கி நாளெல்லாம் கைநீட்டும் கடவுளைப் பற்றியது. வேதத்தைப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு அந்தத் தெருவில் அதுதான் பொருளாக இருந்தது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. எல்லா மக்களுக்கும் அறிவிக்கும் நற்செய்தியை யூதர்களுக்கு மட்டும் மறைப்பது அவர்களை ஒதுக்குவதாகாதா? ஊழியர்கள் அனைவரும் வெறுப்பாளர்களும் அல்லர். புதிய ஏற்பாட்டை எபிரேயத்தில் மொழிபெயர்த்து 1877 இல் வெளியிட்ட பிரான்ஸ் டெலிட்ஸ், யூதர்கள் மனம்மாற வேண்டும் என்று விரும்பியவர்தான். தல்மூத்தைத் திரித்து யூத வெறுப்பைப் பரப்பிய ரோலிங்கை எதிர்த்து எழுதியவரும் அவரே. அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என் ஆட்சேபம் பேசுவதைப் பற்றியதல்ல, பேசும் முறையைப் பற்றியது. நான் இதை நம்புகிறேன், அது என் வாழ்வை இவ்வாறு மாற்றியது என்று ஒரு கிறிஸ்தவர் யூத நண்பரிடம் சொன்னால் அது சாட்சியம். அதைக் கேட்கவோ மறுக்கவோ நண்பருக்கு முழு உரிமை இருக்கிறது. உன் மூதாதையர் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தங்கள் நூலையே தவறாக வாசித்தார்கள் என்று தொடங்கினால் அங்கே உரையாடல் முடிந்துவிடுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த வேறுபாட்டை உணரத் தொடங்கிவிட்டது. 2001 இல் பாப்பரசரின் விவிலிய ஆணையம் யூத வாசிப்பும் சாத்தியமான வாசிப்பே என்று ஏற்றுக்கொண்டது. 2015 இல் வத்திக்கான் ஆவணமொன்று, யூதர்களைக் குறிவைத்து நடத்தப்படும் நிறுவனரீதியான ஊழியத்தைத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்றது; தனிமனிதர் பணிவோடு தம் நம்பிக்கைக்குச் சாட்சி பகர்வதை அது தடுக்கவில்லை. வசனப் பட்டியல்களை இன்னும் கைவிடாத பிற சபைகள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு நூலைத் தலைமுறை தலைமுறையாக ஓதி, உரை எழுதி, அதற்காகவே எரியூட்டப்பட்டும் அதைக் கைவிடாத ஒரு சமூகத்துக்கு அந்நூலின் பொருள் தெரியாது என்று சொல்லத் துணிவதற்கு முன், சொல்பவர் அவர்களோடு அமர்ந்து அதை ஒருமுறையேனும் வாசித்திருக்க வேண்டும். அப்படி வாசித்தவருக்கு நிரூபிக்கும் அவசரம் இருக்காது என்றே நினைக்கிறேன்.