மண்ணைக் கேட்டு மருந்தைக் கொடுங்கள்!



நாற்பது ஆண்டுகளாகப் பெரம்பலூர் வட்டாரத்தில் தானிய மண்டி நடத்தி வருகிறேன். மண்டிக்குச் சம்பந்தமில்லாத வேறு கட்டடத்தில், தனி லைசென்சில், உரமும் மருந்தும் மொத்தத்துக்குக் கொடுத்து வருகிறேன். நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. விவசாய விஞ்ஞானம் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் களை மருந்து வியாபாரத்தில் நம்மவர் பலரும் செய்கிற ஒரு தவற்றை நானும் செய்து பணம் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் கரிசலும் உண்டு, செம்மண்ணும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாசிப் பட்டத்தில், என்னிடம் சரக்கு எடுக்கும் கிராமக் கடைக்காரர் ஒருவர் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களை மருந்து எடுத்துப் போனார். அதைச் செம்மண் காட்டுக்காரர் ஒருவருக்கும், கரிசல் காட்டுக்காரர் ஒருவருக்கும் கடனுக்குக் கொடுத்தார். இருவரும் ஒரே அளவில், விதைத்த மூன்றாம் நாள் தெளித்தார்கள். மறுநாள் நல்ல மழை.

செம்மண் காட்டில் இருபது நாளில் சோளத்துக்குச் சமமாகக் களை எழும்பிவிட்டது. "போலி மருந்தைக் கொடுத்துட்டியேப்பா" என்று அவர் கடை வாசலில் வந்து சத்தம் போட்டார். கரிசல் காட்டில் கட்டி உடையாத இடங்களில் மட்டும் களை தெரிந்தது. "இன்னொரு பாக்கெட் அடியுங்கள்" என்று நம் கடைக்காரர் சொல்ல, அவரும் அடித்தார். களை செத்தது, சோளமும் விளைந்தது. பிறகு மழையே இல்லை. தை மாதம் அதே காட்டில் உளுந்து விதைத்தார். முளைத்த உளுந்து ஓரம் கருகி மஞ்சளித்துப் பாதிக்கு மேல் போய்விட்டது.

இரண்டு பேரும் பாக்கியை நிறுத்தினார்கள். கடைக்காரர் எனக்குத் தர வேண்டியதை நிறுத்தினார். அதே ஊர் மளிகைக் கடையில் அந்த இரண்டு வீட்டு அரிசி, பருப்புக் கணக்கும் நின்றுபோனது. நான் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் நம்பர், ஒரே தேதி. சரக்கில் குற்றமில்லை. அப்படியானால் ஒரு காட்டில் மருந்து நிற்காமல் போனதும், இன்னொரு காட்டில் போகாமல் நின்றதும் எப்படி?

குற்றம் மருந்தில் இல்லை

வேளாண்மை அலுவலர் ஒருவர் இரண்டு காட்டையும் பார்த்துவிட்டு விளக்கினார். களை முளைக்கும் முன் தெளிக்கிற மருந்து, மேல் மண்ணில் ஓரிரு அங்குலத்துக்குள் ஒரு படலம்போல நிற்க வேண்டும். சிறு களை விதைகள் முளைப்பது அங்கேதான். அந்த இடத்தில் மருந்தைப் பிடித்து வைப்பது களிமண் பொடியும், தொழு உரம் போன்ற மக்கிய பொருளும்.

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். கடையில் எண்ணெய் டின் ஒழுகினால் தவிடு போடுகிறோம், அது பிடித்துக்கொள்கிறது. ஜல்லியைக் கொட்டினால் பிடிக்குமா? மணல் கலந்த செம்மண் ஜல்லியைப்போல. களியும் மக்கும் அதில் குறைவு. மழை பெய்தால் தண்ணீரோடு மருந்தும் கீழே இறங்கிவிடும். மேலே களை விதைக்கு மருந்து இல்லை. கீழே பயிர் வேருக்கும், அதற்கும் கீழே கிணற்றுக்கும் போகிறது. தாங்கும் சக்தி இல்லாத பயிராக இருந்தால் களையும் பிழைத்து, பயிரும் கெட்டு, இரட்டை நஷ்டம்.

கரிசல் தவிட்டைப்போல. மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் களை சாக அங்கே கொஞ்சம் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் 50 சதத் தூள் ஹெக்டேருக்கு 1 முதல் 2 கிலோ வரை என்று லேபிளில் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். லேசான மண்ணுக்குக் குறைந்த அளவு, கனமான மண்ணுக்குக் கூடின அளவு என்பதே இதில் பொதுவான முறை. அந்த வரம்பைத் தாண்டி ஒரு கிராம்கூடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கரிசலில் இன்னொரு சங்கதி. அது பெரும்பாலும் காரத்தன்மை உள்ள மண். காரமான, காய்ந்த மண்ணில் அட்ரசின் சீக்கிரம் சிதையாது. சோளம் அதைத் தாங்கும், உளுந்து தாங்காது. இரண்டாவது பாக்கெட்டும், மழையில்லாத மார்கழியும் சேர்ந்துதான் அந்த உளுந்தைக் கொன்றன. கரிசல் மருந்தைக் கீழே விடவே விடாது என்றும் நினைக்க வேண்டாம். வெடிப்பு விழுந்த கரிசலில் பெருமழை பெய்தால், வெடிப்பு வழியே தண்ணீரோடு மருந்தும் இறங்கும்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

ஒரு லிட்டர் தண்ணீரில் பெண்டிமெத்தலின் அரை மில்லிகிராம்கூடக் கரையாது. மண்ணையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அது அதிகம் நகராது. அட்ரசின் சுமார் 33 மில்லிகிராம் கரையும். மெட்ரிபுசின் 1000 மில்லிகிராமுக்கு மேல் கரையும். மணற்பாங்கான காட்டுக்கு மெட்ரிபுசின் கேட்டு ஒருவர் வந்தால், நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கரைவதை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. கிளைபோசேட் நன்றாகக் கரையும், ஆனால் களிமண் அதை உடனே பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். வாய்க்காலில் ஓடும் கலங்கல் தண்ணீரில் கலந்து அடித்தவர்கள் "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த மருந்தின் உபயோகத்துக்கே 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு அறிவித்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிணற்று விஷயம் சின்ன விஷயமல்ல. நிலத்தடி நீரில் சேர்கிறது என்ற காரணத்தால் 2004ல் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது. நம் ஊரில் காட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வேலைக்கு வரும் பெண்களும் குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

கல்லாவில் கேட்க வேண்டியது

என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களிடம் இப்போது நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லியிருக்கிறேன். என்ன மண்? என்ன பயிர், ஊடுபயிர் உண்டா? அடுத்து என்ன விதைக்கப் போகிறீர்கள்? கிணறு எவ்வளவு பக்கம்?

மண் தெரியாது என்றால் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லலாம். நனைத்து உருட்டிப் பார்த்தால், உதிர்ந்தால் மணற்பாங்கு. கயிறுபோல நீண்டு, வளைத்தால் வளையமாக நின்றால் களி. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும், களி மறுநாள்வரை கலங்கலாக நிற்கும். 2015ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அட்டை வாங்கியவர்கள் பலர் அதை உரத்துக்கு மட்டும் பார்க்கிறார்கள். அதில் உள்ள கார அமில நிலையும், அங்ககக் கரிம அளவும் களை மருந்துக்கும் உதவும். ஆனால் மணலா களியா என்பது அந்த அட்டையில் இராது. அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

"இத்தனை கேள்வி கேட்டால் கிராக்கி அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாம்தான். ஆனால் கேட்காமல் கொடுத்து, பயிர் போய், பாக்கியும் போய், "போலிக் கடை" என்ற பேரும் வாங்கினால் அந்தக் கிராக்கி திரும்பி வருவாரா? கேட்டுக் கொடுத்தவரிடம் ஐந்து நிமிஷம் தாமதமானாலும் ஊர் தேடி வரும்.

"நான் வெறும் மளிகைக்காரன், எனக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடன் நோட்டில் இருப்பதில் பாதி அறுவடையை நம்பிய கணக்குத்தானே? காடு பொய்த்தால் உங்கள் கல்லாவும் காய்கிறது. ஆனால் அதற்காக மளிகைக் கடை மூலையில் நாலு பாட்டில் களை மருந்து வாங்கி வைத்துவிடாதீர்கள். உண்ணும் பொருள் இருக்கும் கட்டடத்தில் விவசாய மருந்து வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் விற்பதும் குற்றம். அந்த வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் யோசனை கேட்டால், மண்ணைச் சொல்லி மருந்து வாங்கச் சொல்லுங்கள், அது போதும்.

நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பட்டம் தொடங்கும் முன் வேளாண்மை அலுவலரை அழைத்து, மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு நாள் மண் வகுப்பு நடத்த வேண்டும். இடுபொருள் விற்பனையாளர்களுக்காக ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003ல் தொடங்கிய டிப்ளமோ படிப்பில் நம் பிள்ளைகளைச் சேர்க்கவும் சங்கம் வழிகாட்டலாம். இரண்டு, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் தொங்கவிட வேண்டும்.

அந்த உளுந்து விவசாயிக்கு மறு பட்டத்தில் விதைக்கு நானும் கடைக்காரரும் ஆளுக்குப் பாதி ஏற்றுக்கொண்டோம். சட்டப்படி நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் "இன்னொரு பாக்கெட் அடியுங்கள்" என்ற வார்த்தை எங்கள் பக்கத்திலிருந்துதானே போனது? மருந்துக்கு விலை வாங்குகிற நாம், அதோடு சொல்கிற வார்த்தைக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். மண்ணைக் கேட்போம், பிறகு மருந்தைக் கொடுப்போம்.