செடிக்கு ஊக்கியா? கடைக்காரர் கல்லாவுக்கு ஊக்கியா?

சேர்வராயன் மலை விவசாயப் பெருமக்களே!

காப்பிச் செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுகிறோம்; பக்கக் கிளை தழைக்கிறது. ஏன்? நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனால் அடக்குமுறையும் போச்சு! மிளகுக் கொடித் துண்டில் வேர் விட வைப்பதும் ஆக்சின்தான். துளியளவே போதும். மிஞ்சினால் நஞ்சு! களைக்கொல்லியான 2,4-டி செயற்கை ஆக்சின்தானே?

ஆனா கடையில் நடப்பது என்ன? உரம் கேட்டால் ‘டானிக்’கையும் சேர்த்துத் தலையில் கட்டுறாங்க. உள்ளே என்ன இருக்கு, எத்தனை மில்லி கலக்கணும், லேபிளில் இல்லை. பில் கேட்டால் முறைப்பு. செடி கருகினால் யாரைக் கேட்பது?

ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஊக்கிகளுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். 2021-ல் உயிர் ஊக்கிகளும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தாச்சு. சட்டம் ஏட்டிலே, கொள்ளை ரோட்டிலே!

அரசே!
* கடைதோறும் மாதிரி எடுத்துச் சோதனை செய்!
* உரத்தோடு டானிக்கைத் திணிப்பதைத் தடை செய்!
* ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மூலம் பயிர்வாரியான அளவைத் தமிழில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடு!

விவசாயிகளே! பில் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்! நுனி கிள்ளத் தெரிந்த கை, நியாயம் கேட்கவும் உயரட்டும்!