முற்றத்துப் பள்ளிக்கூடம்

"படித்து முடித்துவிட்டு விளையாடு" என்னும் சொல் ஒலிக்காத வீடு நம் பகுதியில் இல்லை. படிப்போ முடிவதே இல்லை. எட்டு முடிந்தால் ஒன்பது; ஒன்பது முடிந்தால் பொதுத்தேர்வு; அது முடிந்தால் அடுத்த தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு. இவ்வாறு தள்ளிவைத்த விளையாட்டை எப்போதுதான் விளையாடுவது? பேரப்பிள்ளை எடுத்த பிறகா? இங்கே பயின்று, இன்று பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட பழைய மாணவியராகிய நாங்கள், இந்த ஆண்டு மலரின் வாயிலாக இக்கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். விளையாட்டு, படிப்பின் மிச்சமாகத் தரவேண்டிய பொருள் அன்று. அதுவும் ஒரு படிப்பே. பெண்பிள்ளைக்கு அது மிகவும் வேண்டிய படிப்பு என்பது எங்கள் துணிபு.

திற்பரப்பையும் குலசேகரத்தையும் சுற்றிய விளைகளில் நாங்கள் வளர்ந்த நாளில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை அருகில் இல்லை. ஆயினும் எங்களுக்குக் குறை இருந்ததில்லை. கமுகம் பாளை விழுந்தால் அது வண்டி. ஒருத்தி அமர, மற்றொருத்தி இழுக்க, விளை முழுவதும் ஊர்வலம். தென்னோலை கிடைத்தால் பந்து, பாம்பு, கைக்கடிகாரம், காற்றாடி. சிரட்டை கிடைத்தால் மண்சோறு ஆக்கும் பானை. இரண்டு சிரட்டை இருந்தால் தராசு. பிலாயிலையை ஈர்க்கிலால் தைத்தால் இராணியின் முடி. மஞ்சாடிக் குருவும் குன்றிமணியும் எங்கள் பெட்டியில் இருந்த இரத்தினங்கள்.

ரப்பர் தோட்டம் எங்களுக்குக் கிடைத்த தனிச் செல்வம். பால் எடுத்த பின் பட்டையின் வெட்டில் உலர்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை நாடாபோல் உரித்து, ஒரு காகித உருண்டையின்மேல் சுற்றிக்கொண்டே வந்தால் நல்ல பந்து தயார். அதைத் தரையில் அடித்தால் ஓட்டுக்கூரைவரை எழும்பும். ஆடி, ஆவணி வெயிலில் ரப்பர்க் காய்கள் 'பட்' என்று வெடித்து மூன்று மூன்றாக விதைகளை எறியும். ஓசை வந்த திசையை வைத்து விதை விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு போட்டி. அவ்விதையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி முன்னால் இருப்பவளின் கையில் வைக்கும் குறும்பும் உண்டு. உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்று அறிவியல் ஆசிரியை பின்னாளில் சொன்னபோது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தப் பாடத்தை எங்கள் கைகள் முன்னமே படித்திருந்தன.

மழைக்காலத்தில் திண்ணையில் பல்லாங்குழி. இருபுறமும் ஏழு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து வைத்தால் 70 காய்கள். எந்தக் குழியிலிருந்து எடுத்து விட்டால் கடைசிக் காய் எங்கே போய் நிற்கும் என்று மனத்திலேயே எண்ணவேண்டும். காகிதமும் பென்சிலும் கிடையாது. கூட்டலில் பிந்திய பெண்ணும் குழியின்முன் அமர்ந்தால் கணக்குப் புலியாகிவிடுவாள். வெயில் வந்தால் முற்றத்தில் பாண்டிக் கட்டமும் கிளித்தட்டும். ஓணம் வந்தால் மாமரத்தில் ஊஞ்சல். 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் அல்லவா இது. ஓணமும் பொங்கலும் கிறிஸ்து பிறப்பும் எங்கள் விளையாட்டுக்கு மூன்று பருவங்கள். திருவருகைக் காலத்தில் மூங்கில் பாளி சீவி வண்ணத்தாள் ஒட்டி விண்மீன் செய்வோம். மகா சிவராத்திரியை ஒட்டி, பன்னிரு சிவாலயங்களுக்கு ஓடும் பக்தர்கள் கையில் பனையோலை விசிறியுடன் திற்பரப்பு மகாதேவர் கோவிலுக்கு வருவார்கள். அவர்கள் கடந்து சென்ற பின், நாங்களும் ஆளுக்கொரு விசிறி எடுத்து முற்றத்தைப் பன்னிரண்டு முறை சுற்றி ஓடுவோம். எங்களுள் எந்த வீட்டார் எந்த மதம் என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒன்றை எண்ணவேண்டும். முற்றத்தில் நடுவர் இல்லை, விதிப்புத்தகம் இல்லை. கோட்டை மிதித்தாளா இல்லையா என்பதை ஆடுகிறவர்களே பேசி முடிக்கவேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவளை மறுநாள் போய் அழைத்து வரவேண்டும், இல்லையேல் அணிக்கு ஆள் குறையும். விளையாடத் தெரியாத தங்கையை 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வோம். அவள் தோற்றாலும் தோல்வி இல்லை. ஆனால் அவளும் ஆட்டத்தில் உண்டு. பலவீனரைத் தள்ளிவிடாமல் உடன் அழைத்துச் செல்வதற்கு இதைவிட எளிய மறைக்கல்விப் பாடம் உண்டோ? தோற்பதும், தோற்றபின் மறுபடி ஆட வருவதும் முற்றம் தந்த பாடங்களே. தேர்வில் ஒருமுறை மதிப்பெண் குறைந்தால் உலகமே முடிந்ததென்று உடைந்துபோகும் பிள்ளைகளைக் காணும்போது, இவர்களுக்குத் தோற்றுப் பழக ஒரு முற்றம் கிடைக்கவில்லையே என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு நமக்குப் புதிதும் அன்று. புறநானூற்றின் 36-ஆம் பாட்டில், பொருநை ஆற்று வெண்மணலில் பொன்னாற் செய்த கழங்கு கொண்டு ஆடும் இளம்பெண்கள் வருகிறார்கள். அக்கழங்கே நாம் ஆடும் ஐந்தாங்கல்லுக்குப் பாட்டி. நற்றிணையின் 172-ஆம் பாட்டில், சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகிறது. அம்மரம் உனக்குத் தங்கை என்று தாய் மகளிடம் சொல்கிறாள். விளையாடும்போது நட்ட மரத்தைக் குடும்பத்தில் ஒருத்தியாக எண்ணிய தாய் அவள்! கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. 2019-இல் வெளியான அறிக்கை இவற்றையும் பதிவு செய்துள்ளது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னும் ஒரு பெண்பிள்ளை உடைந்த ஓட்டை எறியாமல் சில்லாக்கி இடுப்பில் முடிந்திருப்பாள்.

இவ்வளவு சொன்னதால் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று நாங்கள் சாதிக்க வரவில்லை. பாம்பும் அட்டையும் அன்றும் இருந்தன. கொல்லமாவிலிருந்து விழுந்து கை ஒடிந்தவர்கள் எங்களுள்ளும் உண்டு. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. எங்கள் பொற்காலம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு முடிந்துவிட்டது. பெரிய பெண் ஆனதும் முற்றத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. "இனி என்ன ஓட்டமும் சாட்டமும்? நாலுபேர் என்ன சொல்வார்கள்?" என்றார்கள். நேற்றுவரை எங்களோடு ஓடிய அண்ணனும் தம்பியும் தொடர்ந்து ஓடினார்கள். நாங்கள் குடமும் அம்மியுமாக உள்ளே போனோம். தாய்மார்களைக் குறை கூறோம். அவர்கள் அஞ்சியது எங்களை அன்று, ஊரின் நாவை. ஆனால் அன்று எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அந்த அச்சம் இன்னும் வெளியேறவில்லை என்பதைத்தான் வருத்தத்தோடு சொல்கிறோம்.

இன்றைய மாணவிக்கு அம்மியும் இல்லை, ஆற்றுநீர் சுமக்கும் வேலையும் இல்லை. ஆயினும் அவளுக்கு முற்றம் திரும்பக் கிடைத்ததா? காலையில் ஒரு தனிப்பயிற்சி, மாலையில் ஒன்று, இடையே பள்ளி, இரவில் கைப்பேசி. விளையாட்டைக் கண்ணால் காண்கிறாள், காலால் ஆடுவதில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரமாவது உடல் அசைந்து ஆடவேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அந்நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தாருள் இந்த அளவை எட்டாத ஆண்பிள்ளைகள் 78 விழுக்காடு. பெண்பிள்ளைகள் 85 விழுக்காடு. இரு பாலாரும் பின்தங்கியே நிற்கின்றனர். அதிலும் பெண்ணே பின்னால் நிற்கிறாள். அந்தப் பழைய கோடு இன்னும் அழியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மற்றொன்றும் சொல்லவேண்டும், இது உயிரைப் பற்றியது. நாம் கோதையாற்றின் பிள்ளைகள். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தபின் சானல்களும் நம் பகுதிகளில் ஓடுகின்றன. எங்கள் பாட்டிமார் இரண்டு தேங்காய் நெற்றுகளைச் சேர்த்துக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகினார்கள். நீச்சலோடு நீரின் குணத்தையும் கற்றார்கள். வானம் இங்கே வெளுத்திருந்தாலும் மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும். நீர் கலங்கி நிறம் மாறினால் அந்தக் கணமே கரையேறவேண்டும். வழுக்கும் பாறையில் ஓடலாகாது. இவை அவர்கள் சொல்லித் தந்த விதிகள். இன்று பேச்சிப்பாறையில் உபரிநீர் திறக்கும்போது திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள், நன்று. ஆனால் ஐம்பது அடி உயரத்திலிருந்து விழும் அருவிக்கு அருகில் பிறந்து, இடுப்பளவு நீரிலும் மிதக்கத் தெரியாத பெண்பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! நீரிலிருந்து பிள்ளையை விலக்கி வைப்பது ஒருநாள் காவல். நீரை அறியச் செய்வது ஆயுட்காவல். பெரியவர் துணையோடு, ஆழமில்லாத பாதுகாப்பான இடத்தில், பெண் ஆசிரியை ஒருவர் கற்பிக்க, நீச்சல் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டும்.

நம் திருமறையும் விளையாட்டைச் சிறிதாக எண்ணவில்லை. இறைவாக்கினர் செக்கரியா, ஆண்டவர் மீட்டெடுக்கும் எருசலேமை எட்டாம் அதிகாரத்தில் வருணிக்கும்போது, கோலூன்றிய முதியோர் தெருக்களில் அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் அத்தெருக்களில் நிறைந்து விளையாடுவதையும் காட்டுகிறார். சிறுமியரையும் சேர்த்தே சொல்கிறார் என்பதைப் பெற்றோர் கவனிக்கவேண்டும். ஒரு நகரம் நலமாயிருக்கிறது என்பதற்கு இறைவாக்கினர் தந்த அடையாளம் அது. புனித தொன் போஸ்கோ இளமையில் கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப்பிள்ளைகளைத் திரட்டி, அவர்களைச் செபத்துக்கும் அழைத்துச் சென்றார். பின்னர்க் குருவானவராகி அவர் நிறுவிய இல்லங்களில் சிற்றாலயமும் பள்ளியும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவையாக விளையாட்டுத் திடலும் இருந்தது. திடலில் மகிழும் பிள்ளையே வகுப்பில் மனம் திறப்பாள் என்பதை அப்புனிதரின் வழியில் வந்தோர் நன்கு அறிவர்.

பெண் ஓடினால் என்ன கிடைக்கும் என்று கேட்போருக்கும் விடை உண்டு. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பய்யோலிக் கடற்கரையில் ஓடிப் பழகிய பி. டி. உஷா, நூறில் ஒரு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். அந்த ஒரு நொடித்துளியைப் பற்றி நாங்கள் நாட்கணக்கில் பேசினோம். 2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் பெண்கள் அணி வென்றது. கோ-கோ என்பது என்ன? துரத்தலும் தப்பலும், முற்றத்து ஆட்டத்தின் உடன்பிறப்பு. ஆயினும் எல்லாப் பெண்ணும் பதக்கம் பெறவேண்டும் என்பதற்காக நாங்கள் வாதாடவில்லை. பதக்கம் பெறாத பெண்ணும் மூச்சு வாங்க ஓடி, வயிறு குலுங்கச் சிரித்து, தன் உடலைத் தன் உடல் என்று அறிந்து வளரவேண்டும். அதற்காகவே வாதாடுகிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. அருட்சகோதரியரே, உடற்கல்வி வேளையைத் தேர்வுக் காலத்திலும் வேறு பாடத்துக்குக் கடன் கொடாதீர்கள்; பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே அது மிகுதியாக வேண்டும். பெற்றோரே, மகள் பெரியவளானாள் என்று விளையாட்டை முடித்துவைக்காதீர்கள். மகனுக்குத் தரும் மாலை நேரத்தில் பாதியையாவது மகளுக்கும் தாருங்கள். அன்பு மாணவியரே, உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றே அவர்முன் அமருங்கள். அவர் ஆடிய ஆட்டத்தின் பெயர், விதி, காய், குழி, கோடு அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல் அவரோடு ஆடிப் பாருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், விதி மாறும், அம்மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தபால்தலை திரட்டுவதுபோல் இதுவும் ஓர் இனிய பொழுதுபோக்கு. ஆனால் தபால்தலை காத்திருக்கும், பாட்டி காத்திருக்கமாட்டார். ஐக்கிய நாடுகள் சபை 2024 முதல் ஜூன் 11-ஆம் நாளைப் பன்னாட்டு விளையாட்டு நாளாக அறிவித்துள்ளது. பள்ளி திறக்கும் அந்தப் பருவத்தில், நீங்கள் திரட்டிய ஆட்டங்களைத் திடலில் ஆடிக் காட்டி, அடுத்த ஆண்டு மலரிலும் எழுதலாமே.

எங்கள் நாளின் விளைகள் பல இன்று வீடுகளாகிவிட்டன. 2017-இல் ஒக்கிப் புயலில் சாய்ந்த ரப்பர் மரங்களோடு எங்கள் பந்துகளும் போயின. போனது போகட்டும். பாண்டி ஆட ஒரு பாறையின் அளவு இடம் போதும். ஐந்தாங்கல்லுக்கு ஐந்து கல் போதும். பல்லாங்குழிக்கு மண்ணில் பதினான்கு குழி போதும். மிகுதியாக வேண்டுவது ஒன்றே: "போய் விளையாடு, மகளே" என்று சொல்லும் ஒரு வாய். அந்தச் சொல்லை எங்கள் பேத்திமார் தம் பதினைந்தாம் வயதிலும் கேட்க இறைவன் அருள்புரிவாராக.