சிறு விமானமும் செவ்விய மதிப்பும்

உருவிற் சிறிய பொருள்களை எள்ளுதல் உலகத்தார் இயல்பு. ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிய பிளாஸ்டிக் துண்டுகளைக் கத்தரித்து ஒட்டி, விமானம் ஒன்றன் மாதிரியை இயற்றும் மாணாக்கனைக் கண்டு, இது பிள்ளை விளையாட்டென நகைப்பார் பலர். அப்பெட்டியின் மேலுள்ள வண்ணப் படத்தில் மயங்கி வானளாவப் புகழ்வார் சிலர். மயிரிழைப் பிழை ஒன்றைக் கண்டு முழுவதையும் இகழ்வார் வேறு சிலர். இம்மூவர் கூற்றும் நேரிய மதிப்பீடு ஆகா என்பது எமது துணிபு. அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தார் 1964-லும், பின்னர்ப் புதிய அச்சுக்களைக் கொண்டு 2012-லும் வெளியிட்ட ஃபாலண்ட் நாட் டி.1 என்னும் ஜெட் பயிற்சி விமானத்தின் 1/72 அளவு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நாட் என்பது சிறு கொசுவைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர். பெட்டர் என்னும் பொறியியலறிஞர் வகுத்த இவ்விமானம், ஒருவர் ஏறும் போர் விமானமாக 1955-ல் முதன்முறை பறந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் முன்பின்னாக அமரும் பயிற்சி விமானம் 1959 ஆகஸ்டு 31-ல் பறந்து, 1962 முதல் பிரிட்டிஷ் விமானப் படையிற் பணி புரிந்தது. வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலுள்ள வாலி விமானத் தளத்தில் பல்லாண்டு இளைஞர் இதிற் பயின்றனர். ரெட் ஆரோஸ் என்னும் சாகசக் குழுவினரும் 1965 முதல் 1979 வரை செந்நிற நாட் விமானங்களிலேயே பறந்தனர்.

மதிப்பீட்டின் முதற்படி அளவுகோல். 1/72 என்பது ஆறடி உயர மனிதனை ஓர் அங்குலமாக்கும் விகிதம். நாட் டி.1-ன் சிறகு விரிவு 24 அடி. ஆதலின் மாதிரியில் அது சரியாக 4 அங்குலம், அஃதாவது 101.6 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். நீளம் 31 அடி 9 அங்குலம். மாதிரியில் அது 134 மில்லிமீட்டருக்குச் சற்று மிகும். மாதிரியில் நேரும் 1 மில்லிமீட்டர்ப் பிழை மெய்விமானத்தில் 72 மில்லிமீட்டராகும். இதனை அறியாது "அளவு தவறு" என்போனும் "அளவு சரி" என்போனும் ஒருவரே.

இரண்டாவது, வடிவம். அளவு பொருந்தியும் சாயல் பொருந்தாத உருவங்களை ஓவியத்திலும் காண்கின்றோம். நாட்டின் சிறகுகள் உடலின் தோளிலிருந்து பின்சரிந்து, நுனியிற் சற்றே கீழ்நோக்கித் தாழ்வன. அத்தாழ்வு மாறின் அதன் முகமே மாறிவிடும். சக்கரங்கள் உடலுக்குள்ளேயே மடங்கும். அவற்றின் மூடிகள் வானில் ஓரளவு இறங்கி வேகத்தைத் தடுக்கவும் பயன்பட்டன. ஆதலால் மூடிகளின் உருவம் புறக்கணித்தற்குரியதன்று. தகடுகளின் மூட்டுவாய்களைக் காட்டும் வரிகளையும் நோக்குக. மாதிரியில் ஒரு வரி 0.3 மில்லிமீட்டர் அகலமாயின், மெய்விமானத்தில் அது 21 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளமாகும். அத்தகைய பள்ளத்தோடு எவ்விமானமும் பறந்ததில்லை. எனினும், மென்மையான வரி வண்ணப் பூச்சின்கீழ் மறைந்துபோமாதலின், இங்குச் சிறிது மிகைப்படுத்தல் மன்னிக்கத் தக்கதே.

நம் நாட்டு அன்பர்க்கு இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. இந்திய விமானப் படையார் 1965-லும் 1971-லும் போரிற் பயன்படுத்தியதும், பெங்களூரில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டதும் ஒருவர் ஏறும் நாட் விமானமே. ஸ்ரீநகரில் உயிர் நீத்துப் பரம வீர சக்கரம் பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் செலுத்தியதும் அதுவே. பயிற்சி விமானமோ நீளமும் சிறகு விரிவும் அதனினும் மிக்கது. ஆதலின் இப்பெட்டியை வாங்கி, பின் இருக்கையை மறைத்து, இந்தியச் சின்னத்தை ஒட்டினால் அது சேகோனின் விமானம் ஆகிவிடாது. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் கல்வியாளர்க்கு அழகன்று.

மூன்றாவதும் தலையாயதுமான வினா, இம்மாதிரி செய்வோனுக்கு எதைக் கற்பிக்கின்றது என்பது. பயிற்சி விமானத்தின் மாதிரி தானும் பயிற்சி தருவதாயின் அதுவே அதன் சிறப்பு. ஒட்டுமுன் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் பொறுமை, பின்கனத்தால் வால் சாயாதபடி மூக்கினுள் ஈயத்துண்டு வைக்கும் முன்யோசனை, பசையின் ஆவியால் கண்ணாடி மூடி மங்காது காக்கும் கவனம் ஆகியன ஒரு மாலைப் பொழுதிலேயே கைவருவன அல்ல. விலை குறைந்தது என்பதற்காக வடிவப் பிழையைப் பொறுத்தல் ஆகாது. சிறுவர்க்குரியது என்பதற்காக உண்மையிற் குறைத்தலும் ஆகாது. முதன்முதல் பயில்வோர்க்கே செம்மையான பொருள் வேண்டும். பிழைபட்ட பாடநூலைத் தொடக்க வகுப்பிற்குத் தருவார் உளரோ?

இது போர்க்கருவியின் உருவன்றோ, இதனைப் போற்றலாமோ என்பாரும் உண்டு. அவர் அச்சம் வீண் என்னோம். எனினும் ஆசிரியன் ஒருவன் பின்னிருந்து காக்க, மாணாக்கன் ஒருவன் முன்னிருந்து அஞ்சியஞ்சிக் கற்ற பொறி இது. அவ்வகையில் கல்லூரி மேசைமேல் நிற்பதற்கு இதற்கும் ஓர் உரிமை உண்டு.

ஆதலின் சிறிய உருவும் குறுகிய வேலையுமுடைய இவ்வகைப் பெட்டியை, கைப்பழக்கம் தொடங்குவோர்க்குத் தக்கதெனவும், இந்தியப் போர் விமானம் நாடுவோர்க்குத் தகாததெனவும் கூறுவோம். நண்பர்காள், மாதிரியை மதிப்பிடும்போது புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் முன்னர் அளவுகோலைக் கையில் எடுங்கள். நான்கு அங்குலச் சிறகினிடத்து நேர்மை பழகினவன், நாளை பெரிய பொருள்களினிடத்தும், மனிதரிடத்தும் நேர்மை தவறான் என்று நம்புகின்றோம்.