ஆறு வயதுச் சாட்சி

குழந்தைகளிடம் அணுகுண்டைப் பற்றிப் பேசலாகாது, பேசினால் அவர்களுடைய பிஞ்சு மனம் கலங்கிவிடும் என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. சென்ற வாரம் ஓர் அன்பர், அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இதையே என்னிடம் வெகு நேரம் வாதித்ததோடு அமையாமல், "குண்டு விழுந்த ஊர்க்காரர்களே பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், நமக்கு எதற்கு ஸார் இந்த வம்பு?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி மூட்டிய கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அவர் சொன்ன செய்தி மெய்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சமாதானக் கல்விப் புத்தகத்திலிருந்து, கெய்ஜி நகஸாவா எழுதி வரைந்த 'வெறுங்கால் கென்' என்னும் சித்திரக் கதையின் பகுதிகளை நீக்கிவிட ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியம் 2023-இல் தீர்மானித்தது. உடல் நலிந்த தாய்க்காகச் சிறுவன் பிறர் குளத்துக் கெண்டை மீனைத் திருடும் காட்சி பிள்ளைகளுக்குத் தவறான அர்த்தம் தரக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு நகரமே வெந்து சாம்பலான சரித்திரத்தில் கல்விமான்களின் கண்ணை உறுத்தியது ஒரு மீன்!

1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி நகஸாவாவுக்கு வயது ஆறு. காலை எட்டேகால் மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த அவரை அந்தப் பள்ளியின் மதிற்சுவர் காப்பாற்றியது. வீட்டிலோ, தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிபாட்டினடியில் சிக்கி, வெளியே இழுக்க வழியின்றித் தீக்கிரையாயினர். நிறைகர்ப்பிணியான தாய் அன்றே தெருவில் ஒரு பெண்மகவை ஈன்றாள். அந்தச் சிசுவும் சில மாதங்களுக்கு மேல் ஜீவித்திருக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை கண்ணால் கண்டதை எட்டு வயதுப் பிள்ளை காகிதத்தில்கூடக் காணலாகாது என்பது எந்த ஊர் நியாயம்? குண்டைச் செய்தவர்களோ, போட்டவர்களோ, அந்த ஆறு வயதை ஒரு கணமேனும் கருதினார்களா? நகஸாவா தம் கதையைப் பண்டிதர்களுக்காக வரையவுமில்லை. 1973-இல் அது தொடராக வெளிவரத் தொடங்கியதே சிறுவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில்தான்.

கேட்டறிந்த பிள்ளைகள் மனம் முடங்கிப் போவார்கள் என்பதும் வீண் பயமே. கதிரியக்கத்தின் பின்விளைவான இரத்தப் புற்றுநோயால் 1955-இல் தன் பன்னிரண்டாம் வயதில் மாண்ட ஸடகோ ஸஸாகியின் வகுப்புத் தோழர்கள், அழுது ஓய்ந்துவிடாமல் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு வேண்டுகோள் விடுத்து நிதி திரட்டியதன் பயனாகத்தான், 1958-இல் ஹிரோஷிமாவில் குழந்தைகளின் சமாதான நினைவுச் சின்னம் எழுந்தது.

நம் வீடுகளைப் பாருங்கள். குடியரசு தின அணிவகுப்பில் அக்னி ஏவுகணை ஊர்ந்து வருகையில் மகனைத் தோளில் ஏற்றிக் காட்டுகிற தகப்பனார், அதன் முனையில் வைக்கக்கூடிய பொருள் ஓர் ஊரின் மேல் விழுந்தால் அங்குள்ள மனிதர்களுக்கு என்ன நேரும் என்று அவன் கேட்டால், உனக்கு வயது போதாது என்கிறார். விநாடி வினாவில் அதே ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் பாயும் என்று கேட்டுப் பரிசளிக்கிறோம். தூரம் தெரிந்துகொள்ள மட்டும் வயது போதும் போலும். தேர்வுக்கு உதவாத எதுவும் கல்வியாகாது என்று நாம் பழகிவிட்ட கேடும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. தேதியை மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண் உண்டு. அந்தத் தேதியில் மாண்டவர்களை நினைத்தால் மதிப்பெண் இல்லை.

ஆயுதக் குறைப்பைப் பற்றிய கல்வி வேண்டும் என்று 2002-இலேயே ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 34 பரிந்துரைகள் செய்தது. இன்று ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. இவற்றை வைத்துக்கொள்வதா, ஒழிப்பதா என்று நாளை தீர்மானிக்க வேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். பெற்றோர் எவரேனும் வந்து ஆட்சேபித்தால், நகஸாவாவின் கதையை அவர் கையில் கொடுத்து, முதலில் அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.